சாரதியற்ற வாகனங்கள் வந்தால் வீதியை அகலிக்கத் தேவையில்லையா?

கேள்வி: கோண்டாவில் வாசகர், 04.06.2025

எங்கள் பக்கத்து வீதியை அகலிப்பதற்காக மதில்களை உள்ளே தள்ளிக் கட்டச் சொல்லி அளந்து குறியிட்டிருக்கிறார்கள். இரண்டு வேப்பமரங்களும் போய்விடும். இன்னும் சில பத்தாண்டுகளில் சாரதியற்ற வாகனங்கள் வரும், அவை நூல் பிடித்தாற்போல் ஓடும், அப்போது இன்றைய அகலமே மிஞ்சிவிடும். ஆகவே இப்போது இடிப்பது வீண் என்பது என் வாதம். வீதி வேலை தெரிந்த ஐயாமார் யாராவது மறுக்க முடிந்தால் மறுக்கவும்.

04.06.2025, இரவு

மறுக்கலாம் தம்பி, ஆனால் முழுவதையும் மறுக்க முடியாது. வீதியின் அகலத்தில் எந்தப் பங்கு சாரதிக்காக விடப்பட்டது, எந்தப் பங்கு வேறு காரியங்களுக்காக விடப்பட்டது என்று பிரித்துப் பார்த்தால்தான் உங்கள் வாதம் எவ்வளவு தூரம் செல்லும் என்பது தெரியும். ஒரு பேருந்தின் உடல் அகலம் சுமார் இரண்டரை மீற்றர். அமெரிக்கப் பெருந்தெருக்களில் ஒரு தடத்துக்கு 12 அடி, அதாவது ஏறத்தாழ 3.66 மீற்றர் விடுகிறார்கள். இடையில் இருக்கும் ஒரு மீற்றருக்குச் சற்று அதிகமான இடம், மனிதக் கை ஸ்ரியரிங்கை அசையாமல் பிடித்திருக்க முடியாது என்பதற்காகவும், வேகம் கூடும்போது அந்தத் தளம்பல் பெரிதாகும் என்பதற்காகவும் கொடுக்கப்படுவது. தன் இடத்தைச் சில சென்ரிமீற்றர் பிசகுக்குள் அறிந்துகொள்ளும் இயந்திரத்துக்கு அதில் பாதி போதும் என்று வாதிடலாம். இரண்டு தடங்கள் உள்ள வீதியில் அது ஏறத்தாழ ஒரு மீற்றர் மிச்சமாகும்.

யாழ்ப்பாணத்தில் வீதியை அகலிக்கும்போது எடுக்கப்படும் நிலம் பெரும்பாலும் அந்தத் தளம்பலுக்காக எடுக்கப்படுவதில்லை. வெள்ளவாய்க்காலுக்கு ஒரு பங்கு, மின்கம்பத்துக்கு ஒரு பங்கு, பேருந்து நிற்பதற்கும் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கும் மற்றொரு பங்கு என்று அது பிரிந்து போகிறது. காரை யார் ஓட்டினாலும் மாரிகாலத்து வெள்ளம் வாய்க்காலைத் தேடித்தான் வரும்.

05.06.2025, காலை

அகலத்தைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு வளைவை விட்டுவிட்டேன். வீதி வடிவமைப்பில் சாரதியின் உடம்பு மிக ஆழமாகப் பதிந்திருக்கும் இடம் அதுதான். ஒரு தடையைக் கண்டு வாகனத்தை நிறுத்துவதற்கு எவ்வளவு தூரம் முன்னே தெரிய வேண்டும் என்ற கணக்கே வளைவின் ஆரையையும் மேட்டின் உருவையும் தீர்மானிக்கிறது. அமெரிக்க வடிவமைப்பு நூலில் சாரதியின் கண் தரையிலிருந்து 1.08 மீற்றர் உயரத்தில் இருப்பதாகவும், தடையைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்கு அவருக்கு 2.5 செக்கன் செல்வதாகவும் வைத்துக்கொள்கிறார்கள். 50 கிலோமீற்றர் வேகத்தில் அந்த 2.5 செக்கனில் வாகனம் ஏறத்தாழ 35 மீற்றர் ஓடிவிடும். பிரேக் பிடித்த பிறகு நிற்பதற்கு இன்னும் 29 மீற்றர் வேண்டும்.

இயந்திரம் அரைச் செக்கனில் முடிவெடுக்கும் என்று கொண்டால் முதற்பகுதி 7 மீற்றராகச் சுருங்கும். இரண்டாம் பகுதி சுருங்காது, ஏனெனில் அது ரயருக்கும் தாருக்கும் இடையிலான விவகாரம். ஆக 64 மீற்றர் 36 ஆகும். மலைநாட்டு வீதியில் இது பெரிய வித்தியாசம், ஒவ்வொரு வளைவிலும் வெட்ட வேண்டிய பாறை குறையும். யாழ்ப்பாணத்தில் வெட்டுவதற்கு மலையே இல்லை. இங்கே பார்வையை மறைப்பவை மதில்கள்தான். ஒழுங்கை முடிந்து பெரிய வீதி தொடங்கும் மூலையில் ஆறடி மதில் இருந்தால், சுற்றுப்புறத்தை அளக்கும் லேசர் கூரையில் சுழலும் சாரதியற்ற காரும் நம்மைப் போலவே மூக்கை நீட்டிப் பார்த்துத்தான் வெளியே வர வேண்டும்.

05.06.2025, மாலை

“எல்லா வாகனங்களும் சாரதியற்றவை ஆனபின் என்று வைத்துக்கொண்டால்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அப்படி வைத்துக்கொள்வதில்தான் சிக்கலே இருக்கிறது. தடத்தை ஒடுக்குவதற்கும் வளைவை இறுக்குவதற்கும் கடைசி மனிதச் சாரதியும் அந்த வீதியை விட்டுப் போயிருக்க வேண்டும், ஏனெனில் வீதி எப்போதும் அதில் ஓடும் மிகப் பலவீனமான சாரதிக்காகவே வடிவமைக்கப்படும். 2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 இல்தான் மறுபடி திறந்த நாடு இது. அதிலும் நம் ஊர், போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெய் ஊற்றி ஓட்டிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மொறிஸ் மைனரையும் இன்னும் துடைத்துத் துடைத்து வைத்திருக்கும் ஊர். கடைசி மனிதச் சாரதி யாழ்ப்பாணத்தில்தான் இருப்பார், அவரிடம் வாகனத்தை விற்கச் சொல்லிக் கேட்கும் துணிவு எனக்கு இல்லை.

08.06.2025

வீதியில் கீறும் வெள்ளைக் கோடுகளைப் பற்றி எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இந்த விவாதத்தில் எனக்கு மிகவும் அக்கறையுள்ள பகுதி இது.

என் மைத்துனர் ஜப்பானில் பாவித்து இறக்குமதியான கார் ஒன்றை வைத்திருக்கிறார். தடத்தை விட்டு விலகினால் எச்சரிக்கும் கமரா அதில் உண்டு. புதிதாகக் காப்பெட் போட்டுக் கோடு கீறிய பகுதிகளில் அது ஒழுங்காக நடந்துகொள்கிறது. உள்வீதிக்குள் இறங்கினால், செம்பாட்டு மண் தாரின் மேல் ஏறிய விளிம்பை ஒரு நேரம் கோடென்று எடுத்துக்கொள்கிறது, இன்னொரு நேரம் ஒன்றையும் காணாமல் மௌனமாகிவிடுகிறது. எச்சரிக்கும்போது ஒரு பெண்குரல் ஜப்பானிய மொழியில் மிகுந்த பணிவுடன் ஏதோ சொல்லும். என்ன சொல்கிறது என்பது வீட்டில் ஒருவருக்கும் விளங்காது, ஆனால் திட்டுகிறது என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே கருத்தில் இருக்கிறோம்.

இயந்திரத்துக்கான வடிவமைப்பு மாற்றத்தில் இதுவரை எழுத்தில் வந்திருப்பவற்றுள் முக்கியமானதும் கோடுதான். 2023 டிசம்பரில் வெளியான அமெரிக்க வீதிச் சமிக்ஞைக் கையேட்டின் பதினோராம் பதிப்பில் தானியங்கும் வாகனங்களுக்கென்று தனிப் பகுதியே சேர்த்திருக்கிறார்கள். அதிவேக வீதிகளில் கோட்டின் அகலத்தை 4 அங்குலத்திலிருந்து 6 அங்குலமாக்குவது அதில் பேசப்படுகிறது. மேம்பாலம், சுரங்கம், தனித் தடம் என்று கனவு கண்டவர்களுக்கு இரண்டு அங்குல வெள்ளைப் பூச்சு ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு அது மிகவும் நியாயமாகப் படுகிறது, ஏனெனில் அந்த இரண்டு அங்குலம் மழையிரவில் வீடு திரும்பும் வயதான சாரதிக்கும் உதவும்.

வீதிக்குள்ளேயே அறிவைப் புதைக்கும் முயற்சியும் நடந்ததுண்டு. 1997 ஆகஸ்ட் மாதத்தில் கலிபோர்னியாவின் சான் டியேகோவுக்கு அருகே, சுமார் 12 கிலோமீற்றர் நீளமான பெருந்தெருப் பகுதியில், தாருக்குள் காந்தங்களைப் பதித்து, எட்டுக் கார்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சில மீற்றர் இடைவெளியில் தாமாகவே ஓடச் செய்து காட்டினார்கள். ஓட்டம் சரியாகவே நடந்தது, ஆயினும் அந்த வழி பரவவில்லை. காந்தம் பதிக்காத வீதியில் அந்தக் கார் ஒன்றுக்கும் உதவாது, அந்தக் கார் இல்லாத ஊரில் காந்தம் பதிக்க எந்த அரசும் பணம் ஒதுக்காது. பின்னர் வந்தவர்கள் வீதியை நம்புவதை விட்டுக் கமராவையும் லேசரையும் வரைபடத்தையும் காருக்குள் ஏற்றினார்கள்.

நான் வேலை செய்த காலத்தில் கோடு கீறுவது மதிப்பீட்டின் கடைசி உருப்படியாக இருக்கும். பணம் குறைந்தால் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். எதிர்கால இயந்திரம் நம்மிடம் கேட்பது இன்னும் இரண்டு மீற்றர் நிலத்தையா, வருடத்துக்கு ஒரு முறை கோட்டைப் புதுப்பிக்கும் ஒழுங்கையா என்று கேட்டால், இரண்டாவதையே கேட்கும் என்பது என் முடிவு. நிலம் எடுப்பதை விட அது கடினம், ஏனெனில் கோடு புதுப்பிப்பதற்குத் திறப்புவிழா கிடையாது.

09.06.2025

ரொறன்ரோவிலிருந்து எழுதிய அன்பர், தம் ஊரில் பனி மூடினால் கோடு மாதக்கணக்கில் தெரிவதில்லை என்கிறார். அங்கே பனி, இங்கே செம்பாட்டு மண். இப்படிப்பட்ட இடங்களில் கோட்டை மட்டும் நம்பும் கார் உதவாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் மண்ணைக் கூட்டித் தள்ளலாம், ஓரத்தில் பட்டைக்கல் பதித்தால் மண் ஏறுவதே குறையும். அதுவும் பராமரிப்புத்தான்.

10.06.2025

பலர் கவனிக்காத ஒன்றை இங்கே குறித்து வைக்கிறேன். மனிதர் ஓட்டும் வாகனங்கள் தடத்துக்குள் இடமும் வலமுமாகச் சிறிது அலைந்து போவதால், சில்லுகளின் பாரம் தாரின் மேல் பரவி விழுகிறது, மேற்பரப்பின் தடிப்பைக் கணக்கிடும்போது அந்த அலைச்சலையும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். எல்லாப் பாரவூர்திகளும் அங்குலம் பிசகாமல் ஒரே கோட்டில் ஓடினால், பாரம் முழுவதும் இரண்டு ஒடுங்கிய பட்டைகளில் விழுந்து, சில்லுத் தடம் பள்ளமாக இறங்கிவிடும். அதில் மழைநீர் தேங்கினால் சறுக்கும். ஆகவே கேள்வி கேட்ட தம்பி புகழும் அந்த நூல் பிடித்த ஓட்டமே வீதியை விரைவில் கெடுத்துவிடக்கூடும், தடத்தை ஒடுக்கினால் இன்னும் விரைவாகக் கெடும்.

மருந்தும் உண்டு. வாகனங்கள் வேண்டுமென்றே சற்று இடம் மாறி மாறி ஓடும்படி நிரலில் எழுதிவிடலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். மனிதன் தெரியாமல் செய்ததை இயந்திரம் தெரிந்து செய்யும். அப்படிச் செய்தால் நான் முதல் நாள் மிச்சம் பிடித்துக் காட்டிய ஒரு மீற்றரில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும்.

13.06.2025

சந்திகளைப் பற்றி. டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004 இல் ஒரு திட்டத்தை முன்வைத்தார்கள். சந்தியை நெருங்கும் ஒவ்வொரு காரும் சந்தியிலுள்ள கணினியிடம் தனக்குரிய இடத்தையும் நேரத்தையும் முன்பதிவு செய்துகொள்ளும், சமிக்ஞை விளக்கே வேண்டாம், எல்லாப் பக்கத்துக் கார்களும் ஒன்றையொன்று ஊடறுத்து நிற்காமல் போய்விடும் என்பது அதன் சாரம். அதன் கணினிப் படத்தைப் பார்ப்பவர் வியக்காமல் இருக்க முடியாது. ஆனால் அந்தப் படத்தில் நடந்து போகிறவர் ஒருவரும் இல்லை. காலை ஏழரைக்கு முத்திரைச் சந்தியில் நிற்கும் சைக்கிள்களும், பின்னால் இரண்டு பிள்ளைகளை ஏற்றிய மோட்டார் சைக்கிளும், மரக்கறி மூட்டை கட்டிய லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரமும் எந்தக் கணினியிடம் முன்பதிவு செய்யும் என்பதைத் திட்டம் சொல்லவில்லை.

இதை வெறும் கேலியாக விட்டுவிட எனக்கு மனமில்லை, ஏனெனில் இதே குறை ஓர் உயிரை எடுத்திருக்கிறது. 2018 மார்ச் 18 இரவு, அரிசோனாவின் டெம்பி நகரில், சைக்கிளை உருட்டிக்கொண்டு வீதியைக் கடந்த ஒரு பெண்ணை ஊபர் நிறுவனத்தின் சோதனைக் கார் மோதிக் கொன்றது. மோதலுக்கு 5.6 செக்கன் முன்னரே கார் அவரைக் கண்டுவிட்டது. ஆனால் அவரை வாகனம் என்றும், இனந்தெரியாத பொருள் என்றும், சைக்கிள் என்றும் மாற்றி மாற்றிக் கணித்தது. பாதசாரிக் கடவை இல்லாத இடத்தில் மனிதர் கடப்பார் என்ற எண்ணமே அதன் நிரலில் இருக்கவில்லை என்று விசாரணை கண்டது. வீதி வேலைக்காரனான என்னை உறுத்துவது மற்றொன்று. அந்த இடத்தின் நடுத்திட்டில் நடைபாதையைப் போலவே செங்கல் பதித்து அழகுபடுத்திவிட்டு, இங்கே கடக்கக்கூடாது என்று ஒரு பலகையும் வைத்திருந்தார்கள். செங்கல் வா என்றது, பலகை வராதே என்றது.

மேலே நான் நேரத்தைப் பற்றிப் போட்ட கணக்கை இதனுடன் சேர்த்துப் படிக்கவும். இயந்திரத்தின் அரைச் செக்கன் என்பது, கண்டது இன்னதென்று அது அறிந்துகொண்ட பிறகுதான் தொடங்குகிறது.

13.06.2025, இரவு

தொடர்ச்சி. நடப்பவர்களால் இயந்திரம் குழம்பினால் அதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் உண்டு. இயந்திரத்தைத் திருத்தலாம், அல்லது நடப்பவரை வேலி போட்டுத் தடுக்கலாம். இரண்டாவது வழி மலிவானது என்பதால் அதைத்தான் நான் அஞ்சுகிறேன். 1920களில் கார்கள் பெருகியபோது அமெரிக்க நகரங்கள் அதைத்தான் செய்தன. அதுவரை எல்லோருக்கும் பொதுவாக இருந்த தெருவில், கண்ட இடத்தில் கடப்பதைக் குற்றமாக்கி, மனிதரை ஓரத்துக்கு ஒதுக்கினார்கள். சந்தைக்கும் கோயிலுக்கும் நடுவே வீதி ஓடும் சுன்னாகத்திலும் மருதனார்மடத்திலும் இரும்புக் கம்பி வேலி எழுந்தால், கீரை விற்கும் ஆச்சிமார் எந்தப் பக்கம் இருப்பார்கள்?

இதற்கு நேர்மாறான கவலையும் இருக்கிறது. கார் எப்போதும் நின்றுவிடும் என்று தெரிந்தால் எல்லோரும் அதன் முன்னே துணிந்து நடப்பார்கள். 2023 இல் சான் பிரான்சிஸ்கோவில் இந்தக் கார்களை எதிர்த்தவர்கள், அவற்றின் மூடியின் மேல் வீதி வேலைக்கு வைக்கும் செம்மஞ்சள் கூம்பு ஒன்றை வைத்தார்கள், கார் அசையாமல் நின்றுவிட்டது. நம் பொடியன்களுக்குக் கூம்புக்கு எங்கே போவது என்ற கவலையே வராது, பனை மட்டை ஒன்று போதும்.

16.06.2025

நல்லூர்த் திருவிழாவின்போது என்ன நடக்கும் என்று கேட்டவருக்கு: 25 நாட்களும் கோயிலைச் சுற்றிய வீதிகள் மூடப்பட்டு மாற்றுப் பாதைகள் அறிவிக்கப்படுகின்றன. நாம் பத்திரிகையில் பார்த்தோ, தடுப்பில் நிற்பவரின் கையசைவைப் பார்த்தோ திரும்பிக்கொள்கிறோம். எது மூடியிருக்கிறது, எந்த மணிக்குத் திறக்கும் என்பதை ஒரே முறையில் எழுதி இணையத்தில் வைப்பது ஒரு மாநகர சபைக்குப் பெரிய செலவில்லை. எதிர்காலத்து வீதி வடிவமைப்பில் தாரும் கல்லும் போலவே இந்த அறிவித்தலும் ஒரு பொருள் ஆகிவிடும். தேருக்கு முன்னால் நிற்கும் கூட்டத்தை ஊடறுக்க முயலும் காரைப் பற்றி நான் கற்பனை செய்ய விரும்பவில்லை.

18.06.2025

கேள்வி கேட்ட தம்பிக்குச் சாதகமாக ஒன்று தோன்றுகிறது. அவர் தடத்தின் அகலத்தில் மிச்சத்தைத் தேடினார், மிச்சம் தரிப்பிடத்தில் இருக்கக்கூடும். யாழ் நகரின் ஆஸ்பத்திரி வீதியிலோ கஸ்தூரியார் வீதியிலோ பகல் நேரத்தில் நின்று பாருங்கள். ஓரத்தில் நிறுத்திய வாகனங்கள் பக்கத்துக்கு இரண்டு மீற்றர் வீதியை விழுங்கியிருக்கும். இறக்கிவிட்டுத் தானாகவே நகரத்துக்கு வெளியே போய் நிற்கக்கூடிய வாகனமானால் அந்த நான்கு மீற்றரும் திரும்பக் கிடைக்கும். தடத்தை ஒடுக்கிக் கிடைக்கும் ஒரு மீற்றருடன் ஒப்பிட்டால் இது எவ்வளவோ பெரிது, அதுவும் மதிலில் கை வைக்காமல் கிடைப்பது. கடைசி மனிதச் சாரதி போகும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.

ஆனால் திரும்பக் கிடைத்ததை யார் எடுத்துக்கொள்வார்கள்? நகரத்துக்கு வெளியே போய் நிற்பதை விடச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருப்பது மலிவு என்றால் சொந்தக்காரர் அதையே செய்யச் சொல்வார், வெறும் கார்களால் வீதி நிறையும். ஓரத்தில் நிற்பதற்கு ஒரு கட்டணமும், வெறுமையாக ஓடுவதற்கு அதை விடக் கூடிய கட்டணமும் வைத்தால்தான் அந்த நான்கு மீற்றர் சைக்கிளுக்கும் நிழல் மரத்துக்கும் மிஞ்சும். அது பொறியியலாளர் கையில் உள்ள காரியம் இல்லை.

இதை ஒட்டி, மதில் விடயத்தில் இன்று நான் சொல்லக்கூடியது: வாய்க்காலுக்கு எடுக்கும் நிலத்தை மறுக்காதீர்கள். தரிப்பிடத்துக்கென்று எடுப்பதாயிருந்தால் கேள்வி கேளுங்கள். ஒழுங்கை மூலையில் மதிலைச் சரிவாக வெட்டி விடுவதற்கு நீங்களே முன்வாருங்கள், அது மனிதக் கண்ணுக்கும் கமராவுக்கும் ஒரேயளவில் உதவும். வேப்பமரம் வாய்க்காலின் கோட்டில் விழாவிட்டால் அது நிற்கலாம் என்று எழுத்தில் கேளுங்கள், வாய்ப்பேச்சில் கேட்ட மரங்கள் நிற்பதில்லை.

19.06.2025

புகையிரதக் கடவையை நான் மறந்துவிட்டேன் என்று கொக்குவிலில் இருந்து குறிப்பு வந்திருக்கிறது. 2014 அக்டோபரில் புகையிரதம் மறுபடி யாழ்ப்பாணம் வந்த பிறகு, காவலாள் இல்லாத கடவைகளில் நடந்த விபத்துகளை நாம் எல்லோரும் அறிவோம். இங்கே இயந்திரம் மனிதனை வெல்லும் என்று நம்புகிறேன். அது தண்டவாளத்தைக் கண்டால் ஒவ்வொரு முறையும் நின்று பார்க்கும், அவசரப்படாது, கைபேசியும் பேசாது. ஆயினும் இரு பக்கமும் பற்றை வளர்ந்து மூடியிருந்தால் நின்று பார்த்தும் பயனில்லை. பற்றையை வெட்டுவதற்கு இன்றைக்கே ஆள் வேண்டும்.

24.06.2025

இலங்கையில் முதலில் எங்கே ஓடும் என்ற கேள்வியுடன் இன்று நிறுத்துகிறேன். 2011 நவம்பரில் திறந்த தெற்கு அதிவேகப் பாதையிலும் அதைப்போன்ற பாதைகளிலும்தான் ஓடும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இரு பக்கமும் வேலி, எதிரே வரும் வாகனம் இல்லை, நடப்பவர் இல்லை, முச்சக்கரவண்டி இல்லை. வேமோ நிறுவனம் 2020 இல் சாரதியில்லாத வாடகைக் கார்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட அகன்ற நேர்த் தெருக்களும் குறைந்த மழையும் உள்ள பீனிக்ஸ் நகரப் பகுதியைத் தெரிவுசெய்ததும் இப்படிப்பட்ட கணக்கால்தான்.

வடக்கில் அதற்குக் கிட்டத்தட்ட வரக்கூடியது கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் A9 வீதியில் ஆனையிறவை ஊடறுக்கும் பகுதி. நேராகக் கிடக்கிறது, இரு பக்கமும் நீரும் உப்பளமும் இருப்பதால் ஒழுங்கையோ மதிலோ இல்லை. ஓரக்கோட்டை மட்டும் அழியாமல் வைத்திருந்தால் அங்கே இன்றைய சாதாரணத் தட எச்சரிக்கையே நன்றாக வேலை செய்யும். ஆனால் அதைத் தாண்டித் தெற்கே போகப் போக இரவில் மாடுகள் தாரின் சூட்டுக்கு வீதியிலேயே படுத்துக்கொள்கின்றன. மாடு படுத்திருப்பதை லேசர் காணும், காரும் நிற்கும். மாடு எழும்பாது. கார் கோர்ன் அடிக்கும், மாடு அப்போதும் எழும்பாது. மாட்டுச் சொந்தக்காரருக்குத் தண்டம் விதிப்பதா, வீதிக்கு வேலி போடுவதா என்று இங்கே நான்கு பேர் ஏற்கெனவே சண்டையைத் தொடங்கிவிட்டீர்கள். மேய்ச்சல் தரை எங்கே போனது என்பதைச் சேர்க்காமல் அந்தச் சண்டை முடியாது, அதற்கு யாராவது புதிய இழை திறக்கவும்.